மலைல இருந்துக்கிட்டு கடனை அடைக்கணும்னா பனி மாசத்துக்கு பட்ஜெட் போடுங்க

கடன் அடைக்கிறது எப்படின்னு வீடியோ போடுறவங்க எல்லாம் ஒண்ணாந்தேதி ஆனா அக்கவுண்ட்ல சம்பளம் விழுறவங்க. சம்பளத்தை அவசியச் செலவு, ஆசை, சேமிப்புன்னு 50-30-20 சதவீதமா பிரிங்கம்பாங்க. நான் குன்னூர்ல ஒரு ஓனர்கிட்ட டூரிஸ்ட் வண்டி ஓட்டுறேன், மே மாசம் எனக்கு வர்ற பேட்டாவும் ஜனவரில வர்ற பேட்டாவும் ஒரே ஆளோட வருமானம்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. இலை பறிக்கிறவங்களுக்கும் இதே கதைதான், பனி விழுந்தா கொழுந்து கருகிடும், காட்டேஜ்ல வேலை பாக்குறவங்களுக்கும் சீசன் முடிஞ்சா ரூம் காலி. அதனால நாங்க எப்படி அடைச்சோம்னு மட்டும் சொல்றேன், உங்களுக்கு ஒத்து வர்றதை எடுத்துக்கோங்க.

2020லயும் 2021லயும் ஏப்ரல் மே சீசன் ரெண்டுமே லாக்டவுன்ல போச்சு. அதுலதான் எல்லாம் ஏறுச்சு. 2022 ஜனவரில ஒரு நாள் ராத்திரி நானும் வீட்டுக்காரியும் உக்காந்து பையனோட பழைய ரஃப் நோட்டுல ஒண்ணு விடாம எழுதினோம். கிரெடிட் கார்டு 62,000. தெரிஞ்சவர்கிட்ட 3 வட்டிக்கு வாங்கினது 80,000. அவ பேர்ல குழு லோன் பாக்கி 40,000. அடகுக்கடைல 4 பவுன் நகை மேல 45,000. டிவி ஃபைனான்ஸ் 14,000. மளிகைக்கடை நோட்டுல 6,300. கூட்டினா 2,47,300. நான் மனசுல ஒன்றரை லட்சம்னு நெனச்சிட்டு இருந்தேன், அவ மளிகைக்கடை பாக்கியைச் சொல்லாமலே வச்சிருந்தா, நான் கார்டை. அன்னைக்கு சண்டைதான். ஆனா எழுதாம ஆரம்பிச்சா வேலைக்காகாது, ரெண்டு பேரும் ஒளிச்சு வச்சதை முதல்ல நோட்டுல கொண்டு வாங்க.

எழுதும்போது கடன் தொகை பக்கத்துல மாச வட்டி எவ்வளவுன்னும் எழுதணும், அதுதான் முக்கியம். 3 வட்டின்னா நூத்துக்கு மாசம் 3 ரூபா, வருஷத்துக்கு 36 சதவீதம், 80,000க்கு மாசம் 2,400. கார்டு என்னதுல மாசம் 3.5 சதவீதம், 62,000க்கு வட்டி 2,170, அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்தா 2,560. மினிமம் டியூ 5 சதவீதம், அதாவது 3,100. அப்போ நான் மாசாமாசம் கரெக்டா 3,100 கட்டிட்டு நல்ல பிள்ளையா இருந்தப்போ அசல்ல குறைஞ்சது வெறும் 540 ரூபா. அதுவும் பாக்கி இருக்கும்போது புதுசா எது வாங்கினாலும் அன்னையிலேர்ந்தே வட்டி ஓடும், அந்த 45 நாள் 50 நாள் ஃப்ரீ எல்லாம் முழுசா கட்டுறவனுக்குத்தான்.

தண்டல் வாங்கினவங்க இதையும் போட்டுப் பாருங்க. 10,000னு சொல்லி கைல 8,500 குடுப்பாங்க, தினம் 100 ரூபா 100 நாள். 1,500 தானேன்னு தோணும். ஆனா முதல் நாள்லேர்ந்தே திருப்பிக் குடுத்துட்டே இருக்கீங்க, முழுக் காசும் உங்ககிட்ட 100 நாள் இருக்குறதே இல்ல, கணக்கு போட்டா வருஷத்துக்கு 100 சதவீதத்தைத் தாண்டுது.

முதல்ல அடைச்சது எது தெரியுமா, வட்டியே இல்லாத மளிகைக்கடை பாக்கி. கணக்கு தெரிஞ்சவங்க திட்டுவாங்க. ஆனா நோட்டுல வாங்குறவன் விலை கேக்க முடியாது, வேற கடைக்குப் போகவும் முடியாது, அந்தக் கடை வழியா நடக்கக் கூச்சப்பட்டு நான் சுத்துவழியா மேட்டுல ஏறி வீட்டுக்குப் போயிட்டு இருந்தேன். பொங்கலுக்கு ஓனர் குடுத்ததையும் கைல இருந்ததையும் சேத்து 6,300ஐ குடுத்துட்டு நோட்டுல அடிச்சுட்டு வந்தோம். அப்புறம் காசு குடுத்துத்தான் வாங்குறது, இல்லைன்னா அன்னைக்கு ரசம்.

அடுத்தது நகை. இதுலதான் பெரிய மிச்சம். அடகுக்கடைல 2 வட்டி, மாசம் 900. அதே நகையை பேங்க்ல வச்சா அப்போ வருஷத்துக்கே 9 சதவீதம்தான். நாங்க தங்கத்தை அடகுக்கடைலேர்ந்து பேங்குக்கு மாத்தி, கார்டை மூடுற அளவுக்கு மட்டும் கூட வாங்கினோம், மொத்தம் 1,07,000. மாச வட்டி ஏறக்குறைய 800. முன்னாடி கார்டுக்கும் நகைக்கும் சேத்து வட்டி மட்டுமே 3,460 போயிட்டு இருந்துச்சு. ஒரே நாள்ல மாசம் 2,600க்கு மேல மிச்சம், ஒரு டீ கூட குறைக்காம.

எப்படி மாத்துறதுன்னு கேப்பீங்க, நகை அங்க இருக்கு, திருப்பக் காசு இல்ல. மச்சான்கிட்ட ஒரு நாள் கைமாத்தா 46,000 கேட்டேன். காலைல கடை திறந்ததும் திருப்பி, அப்படியே பேங்குக்குப் போய் அப்ரைசர் வர்ற வரைக்கும் உக்காந்து, அவர் உரசிப் பாத்து எடை போட்டு, சாயங்காலத்துக்குள்ள மச்சான் காசை மச்சான் கைலயே குடுத்தாச்சு. ஆதார், பான், ரெண்டு போட்டோ கொண்டு போங்க, அப்ரைசர் ஃபீஸ் கொஞ்சம் பிடிப்பாங்க. கூட்டுறவு பேங்குலயும் கேட்டுப் பாருங்க.

இதுல ரெண்டு குழி இருக்கு. ஒண்ணு, தங்கம் விலை ஏறினதால பேங்க்ல "இன்னும் குடுக்கலாம் சார், எடுத்துக்கோங்க"ம்பாங்க, எடுக்காதீங்க. ரெண்டாவது, நிறைய நகைக்கடன்ல மாசாமாசம் யாரும் கேக்க மாட்டாங்க, வருஷக் கடைசில அசலும் வட்டியும் சேத்து நிக்கும், கட்டலைன்னா ஏலத்துக்கு நோட்டீஸ் வரும். அதனால கேக்காட்டியும் மாசம் 800ஐ நாங்களே போய் கட்டிட்டு வந்தோம். கார்டை நாலு துண்டா வெட்டினது அன்னைக்கு ராத்திரியே, அதை வெட்டாம நகை வச்சு கார்டு அடைக்கிறது வேஸ்ட், ஆறு மாசத்துல நகைக்கடனும் இருக்கும் கார்டும் நெறஞ்சிருக்கும். ஸ்டாண்டுலயே ரெண்டு பேருக்கு அப்படி ஆச்சு.

இப்போ பட்ஜெட்டு. வருஷ வருமானத்தை 12ஆல வகுக்காதீங்க. இருக்குறதுலயே மோசமான மாசம் எதுவோ அதுல என்ன வருதுன்னு பாருங்க. எங்களுக்கு ஜனவரி பிப்ரவரி, அப்புறம் ஜூலை மழை. என் சம்பளம் பேட்டா, அவ தையல் காசு எல்லாம் சேத்து அந்த மாசங்கள்ல 18,500. வாடகை 4,500, குழு டியூ 2,150, டிவி 1,400, நகை வட்டி 800, 3 வட்டிக்காரருக்கு 2,400, மளிகை காய்கறி 4,000, கேஸ் கரண்ட் 1,000, பையன் ஸ்கூல் பஸ் 800, மருந்து 400, மொய் 500. கூட்டினா 17,950. மிச்சம் 550 ரூபா. சிரிப்பா இருக்கும், ஆனா அந்த 550 மிஞ்சுறதுக்காகத்தான் நகையை மாத்துனதே.

மொய்க்கு எதுக்கு தனியான்னு கேக்காதீங்க. மலைல கல்யாணம் காதுகுத்து சாவு எதுக்கும் போகாம இருக்க முடியாது, நாளைக்கு நமக்கும் அவங்கதான் வரணும். போகணும், ஆனா 500ஐ தாண்டுறதில்லைன்னு முடிவு பண்ணோம். ரெண்டு விசேஷம் வந்தா 250 250. முதல் கவர் குடுக்கும்போது கை கூசுச்சு, அப்புறம் பழகிடுச்சு.

வருஷம் பூரா இந்த 18,500 ஆள் மாதிரியே வாழணும், மே மாசத்துலயும். கஷ்டமே அங்கதான். ஏப்ரல் மே சீசன்ல ஊட்டி ஃபிளவர் ஷோ, சிம்ஸ் பார்க் பழக்கண்காட்சி, ராத்திரி பத்து மணி வரைக்கும் டிரிப், பாக்கெட்ல நோட்டு இருக்கும்போது பிரியாணி வாங்கத்தான் கை போகும். நான் பண்ணது என்னன்னா வீட்டுக்குள்ள செருப்பை கழட்டுறதுக்கு முன்னாடி அன்னைக்கு பேட்டால பாதியை எடுத்து ஒரு பழைய டீத்தூள் டப்பால போட்டுடுவேன், திங்கக்கிழமை அவ அதைக் கொண்டு போய் வேற பேங்க் அக்கவுண்ட்ல கட்டிடுவா. அந்த அக்கவுண்டுக்கு ஜிபே கிடையாது, ஏடிஎம் கார்டும் வாங்கலை. ஃபோன்ல காசு இருந்தா பத்து ரூபா பத்து ரூபாயா எங்க போச்சுன்னே தெரியாது.

2022 சீசன் முடிஞ்சப்போ அதுல 40,000 சேந்துச்சு. அதைக் கொண்டு போய் 3 வட்டிக்காரருக்கு அசல்ல குடுத்தோம், வட்டி 2,400லேர்ந்து 1,200 ஆச்சு. செப்டம்பர் அக்டோபர் செகண்ட் சீசன்ல ஆயுதபூஜை லீவு டிரிப்பு, குறைஞ்ச வட்டிக் காசும் சேத்து இன்னொரு 20,000. சில பேர் "அசலை பிச்சுப் பிச்சு வாங்க மாட்டேன், மொத்தமா குடு"ன்னு சொல்வாங்க, அவங்களுக்கு நீங்க வட்டி குடுத்துட்டே இருக்குறதுதான் லாபம். எங்காளும் முதல்ல அப்படித்தான் சொன்னார், ஒரு பெரியவரை கூட்டிட்டுப் போய் பேசினதுல ஒத்துக்கிட்டார். குடுக்கும்போதெல்லாம் தேதி போட்டு கையெழுத்து வாங்கிக்கோங்க. கடைசித் தவணை குடுக்குற அன்னைக்கு புரோநோட்டும், வெத்து செக் குடுத்திருந்தா அதுவும் கைக்கு வந்த பிறகு காசை எண்ணுங்க. மீட்டர் வட்டி, கந்துவட்டின்னு மிரட்டினா 2003ல வந்த தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கு, போலீஸ்ல கம்ப்ளெயிண்ட் குடுக்கலாம்.

குழு லோனை மட்டும் சீக்கிரம் முடிக்கணும்னு நாங்க ஓடலை, ஆனா ஒரு டியூ கூட விடலை. நம்ம கட்டலைன்னா பக்கத்து வீட்டு அக்காதான் நம்ம காசையும் சேத்து கட்டணும், அப்புறம் குழாயடில முகம் பாக்க முடியாது. ரிசர்வ் பேங்க் 2022 ரூல்படி இந்த மாதிரி மைக்ரோஃபைனான்ஸ் லோன்ல குடும்பத்தோட மொத்த மாசத் தவணை வருமானத்துல பாதியைத் தாண்டக்கூடாது, அதனால "இன்னொரு லோன் தர்றோம்"னு வந்தா நீங்களே வேணாம்னுடுங்க. வசூலுக்கு வர்றவங்க குழு லோனுக்கு காலைல 9க்கு முன்னாடியும் சாயங்காலம் 6க்கு அப்புறமும் தொந்தரவு பண்ணக்கூடாது, கார்டு, பர்சனல் லோனுக்கு காலை 8லேர்ந்து ராத்திரி 7 வரைக்கும்தான் கூப்பிடலாம். மீறினா முதல்ல அந்த கம்பெனிக்கே எழுதிக் குடுங்க, ஒரு மாசத்துல சரியாகலைன்னா ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன்கிட்ட (புகார் விசாரிக்கிற அதிகாரி) போகலாம், ஃபோன் 14448.

சிக்கனம்னு சொன்னா இங்க முதல் எதிரி கீசர். 2,000 வாட்ஸ் கீசர் அரை மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். ரெண்டு மாசத்துல 500 யூனிட்டைத் தாண்டிட்டா, தாண்டின யூனிட்டுக்கு மட்டும் இல்ல, 101லேர்ந்து 200 வரைக்கும் இருக்குறதுக்கும் ரேட் கூடிடும். அதனால ஒரு மாசம் ஆனதும் நானே மீட்டரை பாத்து நோட்டுல எழுதுவேன். பக்கத்து தோட்டத்துல கவாத்து வெட்டும்போது குச்சி கேட்டு வாங்கி அடுக்கி வச்சோம், குளிக்கத் தண்ணி அதுலதான். புகை வரும், மாமியார் ஒரு வாரம் இருமினாங்க, அப்புறம் அடுப்பை வெளில மாத்தினோம்.

கேஸும் மலைல கூட ஆகும். ஆறாயிரம் அடில தண்ணி 94 டிகிரிலயே கொதிச்சுடும், பருப்பு வேகவே வேகாது. பருப்பு, கொண்டைக்கடலை எல்லாம் முந்தின ராத்திரியே ஊற வச்சு குக்கர்ல வைங்க, திறந்த பாத்திரத்துல வேக வைக்கிறது காசைக் கொளுத்துறது. ரேஷன்ல 30 ரூபா துவரம்பருப்பு, 25 ரூபா பாமாயில், அரிசி ஃப்ரீ, இதை வாங்கக் கூச்சப்பட்டு வெளில வாங்கின காலம் எங்களுக்கும் இருந்துச்சு. காய் உழவர் சந்தைல மதியத்துக்கு மேல போனா உடைஞ்ச கேரட்டு, ரெண்டு கால் முளைச்ச கேரட்டு எல்லாம் பாதி விலை, சாம்பாருக்கு எந்தக் கேரட்டும் கேரட்டுதான். 2024லேர்ந்து சாதா பஸ்ல பொம்பளைங்களுக்கு மலைலயும் டிக்கெட் இல்ல, அதனால சந்தை வேலை அவளோடது.

மேட்டுப்பாளையம் போனா மளிகை சீப்னு எல்லாரும் சொல்வாங்க. அதுக்குன்னே இறங்கிப் போனா வண்டிச் செலவும் வர்ற வழில சாப்பாடும் மிச்சத்தைத் தின்னுடும், ரெண்டு தடவை கணக்கு பாத்துட்டு விட்டுட்டேன், டிராப் டிரிப் இருந்தா மட்டும் வாங்கிட்டு வருவேன்.

ஸ்டாண்டுல டீ நாலு குடிச்சா ஒரு நாளைக்கு 60 ரூபா, மாசம் 1,800. வீட்டுலேர்ந்து ஃபிளாஸ்க் கொண்டு போறேன், ஆனா காலைல ஒரு டீ மட்டும் கடைலதான் குடிப்பேன், யாருக்கு டிரிப் இருக்கு எந்த ஓனர் ஆள் தேடுறார்னு அங்கதான் தெரியும், அதை சிக்கனம்னு வெட்டினா வருமானத்தை வெட்டினதாயிடும்.

சீசனையும் ரொம்ப நம்பாதீங்க. 2024 மே 7லேர்ந்து நீலகிரிக்குள்ள வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ், 2025 ஏப்ரல்லேர்ந்து சீசனுக்கு வாரநாள்ல 6,000, சனி ஞாயிறு 8,000 வண்டின்னு அளவும் வச்சாங்க. 2024 மே மாசம் டப்பால விழுந்தது நாங்க நெனச்சதுல பாதி கூட இல்ல. பனி மாச பட்ஜெட்ல இருந்ததால அடி தெரியலை, நகையைத் திருப்புறதுதான் மே மாசத்துலேர்ந்து அக்டோபருக்குத் தள்ளிப் போச்சு.

எல்லாம் முடிஞ்சா காகிதம் வாங்க மறக்காதீங்க. டிவி ஃபைனான்ஸுக்கு நோ டியூ சர்டிஃபிகேட், குழு லோனுக்கு அட்டைல முடிஞ்சதுன்னு சீல். கார்டை வெட்டினா மட்டும் அது மூடினதாகாது, எழுதிக் குடுத்து க்ளோஸ் பண்ணணும், பாக்கி இல்லைன்னா 7 வேலை நாள்ல மூடணும், லேட் பண்ணா நாளுக்கு 500 ரூபா பேங்குதான் நமக்குத் தரணும். நான் வெட்டினதோட விட்டுட்டேன், அடுத்த வருஷம் வருஷக் கட்டணம்னு 590 ரூபா வந்து நின்னுச்சு. நம்ம பேர்ல இருக்குற கடனெல்லாம் காட்டுற சிபில் ரிப்போர்ட் வருஷத்துக்கு ஒரு தடவை ஃப்ரீ, மூணு மாசம் கழிச்சு எடுத்துப் பாருங்க, டிவி லோன் எங்களுக்கு அதுல இன்னும் பாக்கின்னே காட்டிட்டு இருந்துச்சு, அந்த சர்டிஃபிகேட்டை போட்டோ எடுத்து அனுப்பினப்புறம்தான் மாத்தினாங்க.