அறளை பேந்திட்டுது எண்டு விடாதேங்கோ, ஸ்கேன் எடுக்கப் போறவைக்குக் கொஞ்சம்

வயசு போனா அறளை பேரும்தானே எண்டு விட்டிடுவினம். மெல்ல மெல்ல வருசக் கணக்கில மறக்கிறது ஒண்டு. காய்ச்சல், தலையிடியோட ரெண்டு மூண்டு நாளுக்குள்ள ஆளே மாறி, பிள்ளையின்ர பேர் தெரியாம, சம்பந்தமில்லாம கதைச்சா, வலிப்பும் வந்தா, அது வேற. வாயோரத்தில கொப்புளம் போடுற ஹேர்பீஸ் வைரஸ் மூளைக்குப் போயிருக்கலாம், கிளினிக் டேட் பாத்துக்கொண்டு இருக்கேலாது, மூதூரோ கிண்ணியாவோ எங்க இருந்தாலும் உடன பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.

முதல்ல சி.டி (எக்ஸ்ரேயால எடுக்கிற ஸ்கேன்) எடுப்பினம். ஆரம்ப நாளில அது நோமலாவே இருக்கக் கூடும், அதைப் பாத்து நிம்மதியாகக் கூடாது. காந்தத்தால படம் எடுக்கிற எம்.ஆர்.ஐதான் வேளைக்கே காட்டும், காதுக்கு மேல உள்ள டெம்பொரல் பகுதி வெள்ளையா, அனேகமா ஒரு பக்கம் கூடுதலாத் தெரியும். எச்.ஐ.வி (எயிட்ஸ் வைரஸ்) மூளையைத் தாக்கினதெண்டா அனேகமா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கலான வெள்ளையாத் தெரிஞ்சு மூளையும் சுருங்கியிருக்கும்.

ஆனா படத்தில வைரஸ் தெரியாது, அது செய்த சேதம்தான் தெரியும். அதாலதான் முதுகில ஊசி குத்தித் தண்ணி எடுத்து, வைரஸின்ர மரபணுவைத் தேடுற பி.சி.ஆர் டெஸ்ட் செய்யிறது, சனம் அதுக்குத்தான் சும்மா பயப்பிடுது. ஹேர்பீஸ் எண்டு சந்தேகம் வந்தாலே றிப்போட் வரமுன்னம் அசைக்ளோவிர் எண்ட வைரஸ் மருந்தை நரம்பில ஏத்தத் துடங்குவினம், 14 தொடக்கம் 21 நாள் வரை போகும்.

எங்கட பக்கத்து ஆக்களுக்கு முக்கியமான விசயம் ஷெல் பீஸ் (குண்டு வெடிச்சுச் சிதறின இரும்புத்துண்டு), மெஷின்ர காந்தம் அதை இழுக்கலாம். சண்டைக்காலத்தில பட்டு உடம்புக்குள்ள இருந்தா, அதுவும் கண்ணுக்குக் கிட்ட எண்டா, கட்டாயம் சொல்லுங்கோ, முதல்ல எக்ஸ்ரே எடுத்துப் பாப்பினம். "அது பழசு, நோகாது" எண்டு அப்பாமார் மறைப்பினம், பழைய காயத் தழும்பை நீங்களே பாருங்கோ! இதயத்துடிப்புக்கு வைக்கிற பேஸ்மேக்கரும் அப்பிடித்தான். சேலைப் பின், கொண்டையூசி, கட்டுப்பல் எல்லாம் வீட்டிலயே கழட்டினா நல்லம்.

மெஷின் டமார் டமார் எண்டு அடிக்கும், அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட அசையாமக் கிடக்கோணும். குழம்பிப்போன ஆள் கிடக்கமாட்டார், அசைஞ்சா படம் பழுது. மயக்க மருந்து குடுப்பினமோ, எப்ப இருந்து சாப்பாடு நிப்பாட்டோணும் எண்டு முன்னுக்கே கேளுங்கோ. படம் தெளிவாத் தெரியக் கலர் மருந்து ஏத்துறதெண்டா கிட்னி டெஸ்ட் றிப்போட்டும் வேணும்.

பழைய ஸ்கேன் இருந்தா கொண்டு போங்கோ. கூடப் போறவர் காய்ச்சல் எண்டைக்குத் துடங்கினது, எப்ப கதை மாறினது எண்டு சரியாச் சொல்லக்கூடிய ஆளா இருக்கோணும், டொக்டர் ஸ்கேன் போர்மில எழுதுறது அதைத்தான்.