மைனஸ் குறி எங்கே இருக்கிறது? விரிதாளில் மிகை, குறை எண்களோடு வரும் தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வரவு செலவு விரிதாளைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. அதில் ஒரு விசித்திரம். எந்த மாதம் செலவு அதிகமோ, அந்த மாதம் கையிருப்பும் அதிகம். வரவு 1,000, செலவு 300 என்றால் மீதி 700 இருக்க வேண்டும். தாளில் 1,300 இருந்தது.

ஃபார்முலாவைத் திறந்து பார்த்தேன். =பி2-சி2. வரவில் இருந்து செலவைக் கழிக்கிறது, பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் சி நெடுவரிசையில் செலவுகள் ஏற்கெனவே -300, -450 என்று குறை எண்களாகவே பதிவாகியிருந்தன. குறை எண்ணைக் கழித்தால் அது கூட்டலாகிவிடும். எண்ணைப் பதிந்தவர் செய்தது சரி, ஃபார்முலா எழுதியவர் செய்ததும் சரி. இரண்டு சரிகள் சேர்ந்துதான் அந்தத் தவறு.

குறி சம்பந்தப்பட்ட தவறுகளைப் பற்றி நான் கவலைப்படுவதற்கு இதுதான் காரணம். பூஜ்யத்தால் வகுத்தால் விரிதாள் உடனே பிழை காட்டும். இல்லாத பெயரை எழுதினாலும் காட்டும். குறி மாறினால் ஒன்றும் காட்டாது. வருவது ஒரு முழுமையான, நம்பும்படியான எண்ணாகவே இருக்கும்.

ஒரு தாளில் நாம் பார்க்கும் மைனஸ் குறி நான்கு வேறு இடங்களில் இருக்கலாம். எண்ணின் பகுதியாக இருக்கலாம். ஃபார்முலாவில் கழித்தல் செயலாக இருக்கலாம். வெறும் தோற்றமாக, ஃபார்மேட் போட்ட வேஷமாக இருக்கலாம். அல்லது எண்ணே இல்லாத ஓர் எழுத்தாக இருக்கலாம். நான் பார்த்த பெரும்பாலான தவறுகள், இதில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டதால் வந்தவை.

எண்ணிலா, ஃபார்முலாவிலா: ஒன்றை முடிவு செய்யுங்கள்

செலவைக் குறை எண்ணாகப் பதிந்தால், ஃபார்முலாவில் கூட்டல் மட்டும்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் மிகை எண்ணாகப் பதிந்தால், கழித்தலை ஃபார்முலா பார்த்துக்கொள்ளும். இரண்டு வழியும் நல்ல வழிதான். ஒரே தாளில் இரண்டையும் கலப்பதுதான் ஆபத்து. என்னைக் கேட்டால் குறியை எண்ணிலேயே வைப்பேன். ஒரே நெடுவரிசையில் வரவும் செலவும் இருந்தாலும் கூட்டித் தரும் சம் ஃபங்ஷன் ஒன்றைப் போட்டால் வேலை முடிந்துவிடும், தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளும் அப்படியே வேலை செய்யும். எந்த வழியை எடுத்தாலும் தலைப்பிலேயே "செலவு: குறை எண்ணாக" என்று எழுதி வையுங்கள். அடுத்து அந்தத் தாளைத் திறப்பவருக்கு அந்த ஒரு வரி போதும்.

இங்கே பலர் ஒரு குறுக்கு வழியைப் பிடிப்பார்கள். "எந்தக் குறியில் வந்தாலும் பரவாயில்லை" என்று =பி2-ஆப்ஸ்(சி2) என எழுதிவிடுவார்கள். ஆப்ஸ் குறியை நீக்கி அளவை மட்டும் தரும், அதனால் -300 ஆனாலும் 300 ஆனாலும் 700 வரும். பார்க்க அழகான தீர்வு. ஆனால் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்து 200 திரும்ப வந்திருந்தால்? செலவுகள் குறை எண்ணாக இருக்கும் நெடுவரிசையில் அந்த 200 மிகை எண்ணாக நிற்பதுதான் நியாயம். ஆப்ஸ் அதையும் செலவாக மாற்றிவிடும். குறியில் இருந்த தகவல் அங்கேயே அழிந்துவிடுகிறது. அளவு மட்டும்தான் தேவை, திசை தேவையே இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் மட்டும் ஆப்ஸைப் பயன்படுத்துங்கள்.

அப்படித் தேவைப்படும் இடங்களும் உண்டு. ஒரு கணிப்பு +10 தவறியது, இன்னொன்று -10 தவறியது. சராசரி எடுத்தால் பூஜ்யம், ஏதோ கணிப்பு துல்லியமாக இருந்தது போல. இங்கே ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகக் குறியை நீக்கிவிட்டுத்தான் கூட்ட வேண்டும்: =சம்ப்ராடக்ட்(ஆப்ஸ்(ஏ1:ஏ20)). இதை =ஆப்ஸ்(சம்(ஏ1:ஏ20)) என்று மாற்றி எழுதினால், முதலில் கூட்டி எல்லாம் ரத்தான பிறகு மிச்சத்துக்குக் குறி நீக்குகிறோம். பயன் இல்லை.

மிகை எண்ணாக இருந்தால் அதையே எடு, குறை எண்ணாக இருந்தால் பூஜ்யமாக்கு என்பது வேறு தேவை. அதற்கு =மேக்ஸ்(0,ஏ1) போதும்.

பள்ளிக் கணக்கும் விரிதாளும் ஒத்துப்போகாத இடம்

ஒரு காலிச் செல்லில் =-2^2 என்று அடித்துப் பாருங்கள் (^ என்பது அடுக்குக் குறி). பள்ளியில் படித்தபடி விடை -4. எக்செல் 4 என்று சொல்லும். கூகுள் ஷீட்ஸும் லிப்ரே ஆஃபிஸ் கால்க்கும் அப்படித்தான்.

முன்னால் ஒட்டியிருக்கும் மைனஸை இவை எண்ணின் பகுதியாக எடுத்துக்கொள்கின்றன. அடுக்கைவிட அதற்கு முன்னுரிமை. ஆகவே (-2)-இன் வர்க்கம், அதாவது 4. நடுவில் நின்று இரண்டு எண்களைக் கழிக்கும் மைனஸுக்கு அந்த முன்னுரிமை கிடையாது. அதனால் =5-2^2 என்றால் 1, அதையே வரிசை மாற்றி =-2^2+5 என்று எழுதினால் 9. கணிதத்தில் இரண்டும் ஒன்று. பைத்தான் நிரல் மொழியிலும், எக்செலுக்குள்ளேயே இருக்கும் விபிஏ மொழியிலும் -2-இன் அடுக்கு 2 என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் -4 தான் வரும். ஒரே கோப்பில் தாள் ஒரு விடையும், விபிஏவில் எழுதிய நிரலான மேக்ரோ இன்னொரு விடையும் தரும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

புள்ளியியலில் இது நிஜமாகவே அடிக்கும். மணி வடிவ வளைகோட்டின் சூத்திரத்தில் மைனஸ் எக்ஸ் வர்க்கம் வரும். புத்தகத்தில் இருப்பது போலவே =எக்ஸ்ப்(-ஏ1^2) என்று எழுதி, ஏ1-இல் 3 இருந்தால், 0.000123 வர வேண்டிய இடத்தில் 8103 வரும். =எக்ஸ்ப்(-(ஏ1^2)) என்று அடைப்புக்குறி போட்டால் சரியாகிவிடும். அடுக்கும் மைனஸும் பக்கத்தில் வந்தால் அடைப்புக்குறி போடாமல் நான் நகர்வதே இல்லை.

எண் போலத் தெரியும் எழுத்து

வேறு மென்பொருளில் இருந்து ஏற்றுமதி செய்த தரவிலும், இணையப் பக்கத்தில் இருந்து நகலெடுத்த அட்டவணையிலும் இந்தச் சிக்கல் நிச்சயம் ஒரு நாள் வரும். சில கணக்கியல் மென்பொருள்கள் குறியை எண்ணுக்குப் பின்னால் போட்டு 250- என்று தரும். இணையப் பக்கங்களில் மைனஸாகத் தெரிவது பல நேரம் விசைப்பலகையில் உள்ள சிறுகோடே இல்லை. யூனிகோடில் கழித்தல் குறிக்கென்று தனி எழுத்து உண்டு, அதன் எண் 8722. சற்று நீண்ட கோடு ஒன்று, எண் 8211. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எக்செலுக்கு விசைப்பலகைச் சிறுகோட்டைத் தவிர மற்ற இரண்டும் எண்ணின் குறி அல்ல, அதனால் அந்தச் செல்லையே எழுத்தாக வைத்துக்கொள்ளும்.

அதன் விளைவு இன்னும் மோசம். சம் அந்தச் செல்லைப் பேசாமல் தாண்டிப் போய்விடும், மொத்தத்தில் குறைய வேண்டியது குறையாது. =இஃப்(ஏ1>0,"மிகை","குறை") என்று கேட்டால் "மிகை" என்று வரும்! எக்செலில் எழுத்தை எண்ணோடு ஒப்பிட்டால் எழுத்துதான் எப்போதும் பெரியது. ஆக, மைனஸ் 250 என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும் செல், பூஜ்யத்தைவிடப் பெரியது என்று தாள் உறுதியாகச் சொல்லும்.

கண்டுபிடிக்க எளிய வழி: அலைன்மென்ட் எதையும் மாற்றாத நெடுவரிசையில் எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் =இஸ்நம்பர்(ஏ1). சரிசெய்ய, =வேல்யூ(சப்ஸ்டிட்யூட்(ஏ1,யூனிகார்(8722),"-")). பின்னால் குறி வரும் எண்களுக்கு எக்செலின் டெக்ஸ்ட் டு காலம்ஸ் வசதியில், அட்வான்ஸ்டு பகுதிக்குள் அதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. அதுவே போதும், ஃபார்முலா எழுதிச் சிரமப்பட வேண்டாம்.

ஃபார்மேட் போடும் வேஷம்

கணக்கர்கள் குறை எண்ணை அடைப்புக்குறிக்குள் எழுதுவது வழக்கம். எக்செல் செல்லில் (250) என்று அடித்தால் அது -250 ஆகப் பதிவாகும். அதே (250) ஒரு ஃபார்முலாவுக்குள் வந்தால் வெறும் 250 தான். இது பரவாயில்லை, பழகிவிடும்.

எனக்குப் பிடிக்காதது, மைனஸ் இல்லாமல் சிவப்பு நிறத்தில் மட்டும் குறை எண்ணைக் காட்டும் ஃபார்மேட். எக்செலின் தயார் நிலைப் பட்டியலிலேயே அது இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் நஷ்டமெல்லாம் லாபமாகிவிடும். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அச்செடுக்காமலேயே அந்த நிலைதான். அதேபோல, கஸ்டம் ஃபார்மேட்டில் அரைப்புள்ளிக்கு முன் மிகை எண்ணின் தோற்றம், பின் குறை எண்ணின் தோற்றம். யாராவது 0;0 என்று எழுதியிருந்தால் மைனஸ் காணாமல் போய்விடும், மதிப்பு மட்டும் குறை எண்ணாகவே இருக்கும். கூட்டுத்தொகை பொருந்தவில்லை என்று குழம்பினால் செல்லைச் சொடுக்கி, மேலே ஃபார்முலா பட்டையில் பாருங்கள். அங்கே வேஷம் இருக்காது.

முழு எண்ணாக்கும்போது

மிகை எண்களில் மட்டும் சோதித்துவிட்டு விடுவதால் வரும் தவறு இது. 7.5-க்கு இன்ட் போட்டாலும் ட்ரங்க் போட்டாலும் 7. அதனால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். -7.5-க்கு இன்ட் -8 தரும், ட்ரங்க் -7 தரும். இன்ட் எப்போதும் எண்கோட்டில் இடப்பக்கம் போகும். ட்ரங்க் தசமத்தை வெட்டிவிடும், அதாவது பூஜ்யத்தை நோக்கி வரும்.

ரவுண்ட்அப் என்ற பெயரில் இருக்கும் "அப்" இன்னும் ஏமாற்றும். -7.2-ஐ அது -8 ஆக்கும். அது மேலே போகவில்லை, பூஜ்யத்தில் இருந்து விலகிப் போகிறது. உண்மையாகவே மேலே போக வேண்டுமானால் சீலிங்: =சீலிங்(-7.2,1) என்றால் -7.

வகுத்த மீதி தரும் மாட் பற்றியும் ஒரு வார்த்தை. =மாட்(-1,12) என்றால் 11. விரிதாளில் மீதியின் குறி வகுக்கும் எண்ணின் குறியைப் பின்பற்றும். சுழற்சிக் கணக்குகளுக்கு, உதாரணமாக 12 மாதச் சுற்றில் பின்னோக்கிப் போவதற்கு, இது மிக வசதி. ஆனால் விபிஏவில் அதே மாட் -1 தரும். ஃபார்முலாவை மேக்ரோவாக மாற்றுபவர்கள் இதில் விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

சதவீத மாற்றம்: ஃபார்முலாவால் தீராத ஒன்று

(புதியது - பழையது) / பழையது. போன ஆண்டு 200 நஷ்டம், இந்த ஆண்டு 100 லாபம். 300-ஐ -200-ஆல் வகுத்தால் -150%. நிலைமை முன்னேறியிருக்கிறது, சதவீதம் சரிவைக் காட்டுகிறது. உடனே வகுக்கும் எண்ணுக்கு ஆப்ஸ் போட்டு 150% ஆக்குவது வழக்கம். குறி சரியாகிவிடும். ஆனால் அந்த அளவுக்கு அர்த்தம் இருக்கிறதா? -10-இல் இருந்து 100-க்கு வந்தவருக்கு 1100% வரும், -1000-இல் இருந்து 100-க்கு வந்தவருக்கு 110% தான் வரும். பெரிய பள்ளத்தில் இருந்து ஏறியவருக்குச் சின்ன சதவீதம். அடிப்படை எண் பூஜ்யமாகவோ குறை எண்ணாகவோ இருந்தால் வித்தியாசத்தைத் தனியாகக் காட்டிவிட்டு, சதவீதம் வரும் இடத்தில் "பொருந்தாது" என்று போடுங்கள்: =இஃப்(ஏ2>0,(பி2-ஏ2)/ஏ2,"பொருந்தாது"). தலைமைக்கு அனுப்பும் அறிக்கையில் "பொருந்தாது" என்று எழுதத் தயங்க வேண்டாம்.

இன்னும் சில

=இஃப்(-5<ஏ1<5,...) என்று கணிதப் புத்தகப் பாணியில் எழுதக் கூடாது. முதல் ஒப்பீடு உண்மை அல்லது பொய் என்று மாறி, அதைத்தான் 5-உடன் ஒப்பிடும். எக்செலில் விடை எப்போதும் பொய், ஏ1-இல் என்ன இருந்தாலும். =ஆப்ஸ்(ஏ1)<5 போதும்.

பூஜ்யத்தை மறக்காதீர்கள். ">0 என்றால் லாபம், இல்லையென்றால் நஷ்டம்" என்ற ஃபார்முலா காலிச் செல்லைக்கூட நஷ்டம் என்று சொல்லும். குறியை மட்டும் தெரிந்துகொள்ள ஒரு ஃபங்ஷன் உண்டு: சைன். 1, 0, -1 என்ற மூன்றில் ஒன்றைத் தரும். காதில் கேட்டு எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும், முக்கோணவியலின் சைனும் ஒலியில் இதேதான். நமக்குத் தேவை நடுவில் ஜி எழுத்து உள்ளது. அதை விட்டுவிட்டால் 5-க்கு -0.96 போல ஓர் எண் வரும்.

கடன் தவணை கணக்கிடும் பிஎம்டி குறை எண் தந்தால் அது பிழை இல்லை. கைக்கு வரும் பணம் மிகை, கையை விட்டுப் போகும் பணம் குறை என்பது அந்தக் குடும்பத்து ஃபங்ஷன்களின் ஒப்பந்தம். முதலீட்டின் வருவாய் விகிதத்தைத் தரும் ஐஆர்ஆர் போடும்போது முதலீட்டையும் மிகை எண்ணாகக் கொடுத்தால் விடையே வராது. அதற்குக் குறைந்தது ஒரு மிகை எண்ணும் ஒரு குறை எண்ணும் வேண்டும்.

அப்புறம், =1*(0.5-0.4-0.1). இதன் விடை பூஜ்யம்தானே? எக்செலில் -2.78-ஐ 10-இன் அடுக்கு -17-ஆல் பெருக்கிய எண் வரும். கணினி தசமங்களை இரும எண்களாக வைத்துக்கொள்வதால் மிஞ்சும் துகள் அது. அளவில் ஒன்றுமே இல்லை. ஆனால் <0 என்று கேட்டால் உண்மை என்று வரும், கணக்கு நேராக இருக்கும்போதே எச்சரிக்கை சிவக்கும். ஒப்பிடும் முன் =ரவுண்ட்(ஏ1,2)<0 என்று எழுதினால் தீர்ந்தது.

நான் புதிதாக எந்த ஃபார்முலா எழுதினாலும், தரவில் ஓட்டுவதற்கு முன் ஆறு செல்களில் போட்டுப் பார்ப்பேன்: 7.5, 0, -7.5, காலிச் செல், எழுத்தாகப் பதிந்த -7.5, பிறகு =1*(0.5-0.4-0.1). இரண்டு நிமிடம் ஆகும்.