மூட்டுத் தேய்மான வலிக்குக் குடலைக் கவனிப்பது எப்படி: 12 வாரத் திட்டம்

தேய்ந்துபோன முழங்கால் குருத்தெலும்பைத் தயிரோ புரோபயாட்டிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா) மாத்திரையோ திரும்ப வளர்த்துவிடாது. அப்படிச் சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள். எதிர்பார்க்கக்கூடியது வலியில் ஓரளவு குறைவு மட்டுமே.

குடலின் உட்சுவர் பலவீனப்பட்டால் பாக்டீரியாக்களின் நச்சு கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசிந்து, உடல் முழுக்க மெல்லிய அழற்சியை (இன்ஃப்ளமேஷன்) கிளப்பும்; அது மூட்டு வலியையும் கூட்டலாம் என்பது கருத்து. 2019இல் வெளியான, நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகர மக்களிடம் நடந்த ஆய்வில், குடலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன பாக்டீரியா அதிகமிருந்தவர்களுக்கு முழங்கால் வலியும் கூடுதலாக இருந்தது. எது எதற்குக் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சீனாவில் லாக்டோபேசில்லஸ் கேசி ஷிரோட்டா என்ற பாக்டீரியா ரகம் கலந்த பாலை 6 மாதம் குடித்தவர்களுக்கு வலி குறைந்ததாக 2017இல் ஒரு சோதனை வெளிவந்தது. முயன்று பார்க்க அது போதும். சத்தியம் செய்து கொடுக்கப் போதாது.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். காலையில் எழுந்ததும், படி இறங்கும்போதும் வலி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். புதுத் தைலம், கஷாயம் எதையும் இந்த 12 வாரத்தில் தொடங்க வேண்டாம்; பிறகு எது கேட்டது என்றே தெரியாமல் போகும்.

அடுத்து தயிர். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு (40–45 டிகிரி) ஆறவிட்டு, ஒரு டீஸ்பூன் உறைமோர் கலக்குங்கள். சூடு அதிகமானால் பாக்டீரியா செத்துப் பால் உறையாது. பால் ஆறிப்போயிருந்தாலோ மார்கழிக் குளிரிலோ உறைய நேரமாகும். ஹாட்பாக்ஸில் வைத்தால் சரியாகும். 6–8 மணி நேரத்தில் உறைந்ததும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். மதியம் ஒரு கப், ஆறிய சோற்றோடு. மோர்க்குழம்பாகக் கொதிக்கவிட்டால் உயிருள்ள பாக்டீரியா மிஞ்சாது. மாவு எவ்வளவுதான் புளித்திருந்தாலும் ஆவியில் வெந்த இட்லியிலும் அதே கதைதான்.

வீட்டுத் தயிரில் எந்த ரகம் வளர்கிறது என்று சொல்ல முடியாது. சோதிக்கப்பட்ட ஷிரோட்டா ரகமே வேண்டுமென்றால் கடையில் பாட்டிலில் கிடைக்கும் புளித்த பால் பானமான யாகுல்ட்டில் இருக்கிறது: 65 மி.லி. பாட்டிலில் 650 கோடி பாக்டீரியா, கூடவே சர்க்கரையும். நீரிழிவு உள்ளவர்கள் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். கேப்சூல் என்றால் ரகத்தின் முழுப்பெயரும், காலாவதித் தேதிவரை உயிரோடிருக்கும் எண்ணிக்கையும் அட்டையில் இருக்க வேண்டும். ‘தயாரிப்பின்போது’ என்று மட்டும் போட்டிருந்தால் வேண்டாம்.

தயிரைவிட நார்ச்சத்துக்குத்தான் முதலிடம் தர வேண்டும். பாக்டீரியாவை உள்ளே அனுப்பிவிட்டு இரை போடாமலிருந்தால் அது தங்காது. அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடக்கும் ஃபிராமிங்ஹாம் ஆய்விலும் நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களுக்கு வலியோடு கூடிய முழங்கால் தேய்மானம் குறைவாக வந்தது. நாளுக்கு 25–30 கிராம் இலக்கு. அரை கப் வெந்த கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 6 கிராம், நடுத்தரக் கொய்யா ஒன்றில் சுமார் 5. வாழைத்தண்டு, கீரை, அவரை, சின்ன வெங்காயம் எல்லாம் கணக்கில் சேரும். வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டுங்கள், தண்ணீரையும் சேர்த்து. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பி, நாலாம் நாளே கைவிட்டுவிடுவீர்கள்.

இதெல்லாம் கூடுதல் தீனியாகிவிடக் கூடாது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ சுமை குறைகிறது. ஆகவே சுண்டல் சாயங்கால பஜ்ஜியின் இடத்துக்கு வரட்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, 5 விநாடி நிறுத்தி, ஒவ்வொரு காலுக்கும் 10 முறை செய்யுங்கள்.

வலி மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வெறும் வயிற்றிலும் போட வேண்டாம், அது இரைப்பையையும் குடலையும் புண்ணாக்கும். ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் அதற்கும் புரோபயாட்டிக்குக்கும் குறைந்தது 2 மணி நேர இடைவெளி விடுங்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் புரோபயாட்டிக்கைத் தொடவே கூடாது, டாக்டர் சொன்னாலொழிய. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பழம், பயறு அளவைக் கேட்டுக்கொண்டு கூட்டுங்கள். மூட்டு சிவந்து, சூடாக வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

12ஆம் வாரம் முடிந்ததும் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். 2 புள்ளியாவது குறைந்திருந்தால் தொடரலாம். இல்லையென்றால் பாட்டிலையும் கேப்சூலையும் நிறுத்திவிட்டு, சுண்டலையும் கால் பயிற்சியையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.