சீனாவின் சான்யா கடற்கரையில் ஆங்கில ஆசிரியர் வேலை: முதன்முறை தேடுபவர்களுக்கு

சீனாவின் தென்பகுதியில் ஹைனான் என்றொரு தீவு. அதன் தென்முனையில் இருக்கும் நகரம் சான்யா. பெய்ஜிங்கும் ஹார்பினும் பனியில் உறைந்து கிடக்கும் ஜனவரியிலும் இங்கே கடலில் இறங்கிக் குளிக்கலாம். தாதோங்ஹாய், யாலோங் விரிகுடா, ஹைதாங் விரிகுடா என்று கரை நெடுக விடுதிகள். இங்கே வரும் ஆசிரியர் வேலை விளம்பரங்களில் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது நீலக் கடலின் படம்தான். அந்தப் படத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் பெயரில் முறையான வேலை அனுமதி எடுத்துத் தரக்கூடிய இடம் எது என்பதுதான் முதல் கேள்வி. கீழே உள்ள படிகள் எல்லாம் அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான்.

படி 1: உங்கள் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

இது கசப்பான விஷயம், ஆனாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மொழி ஆசிரியராக வருபவர் தன் தாய்மொழியைக் கற்பிப்பவராக, அந்த மொழி பேசும் நாட்டைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பது சீன விதியின் அடிப்படை. நடைமுறையில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குத்தான் கதவு எளிதாகத் திறக்கிறது. டொராண்டோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ படித்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்குச் சிக்கல் குறைவு.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசினாலும் 'ஆங்கில ஆசிரியர்' என்ற பெயரில் அனுமதி வாங்குவது கடினம். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. உங்களுக்கு வேறொரு வழி உண்டு: ஆங்கில வழியில் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி கற்பிக்கும் ஆசிரியராக வருவது. பி.எட். பட்டமும் இரண்டு வருடக் கற்பித்தல் அனுபவமும் இருந்தால் சர்வதேசப் பாடத்திட்டம் நடத்தும் பள்ளிகளுக்கு அந்த வகையில் விண்ணப்பியுங்கள். "எந்த பாஸ்போர்ட் என்றாலும் பரவாயில்லை, ஆங்கில ஆசிரியர் விசா நிச்சயம்" என்று ஓர் ஏஜென்ட் சொன்னால் அவரிடம் பணம் கட்டாதீர்கள்.

படி 2: தாள்களைச் சேருங்கள்

இளங்கலைப் பட்டம் கட்டாயம். அதோடு இரண்டு வருடக் கற்பித்தல் அனுபவம் வேண்டும். ஆங்கிலம் கற்பிக்க வருபவர்களுக்கு அனுபவம் இல்லையென்றால், கல்வியியல் பட்டமோ, ஆசிரியர் தகுதிச் சான்றோ, டெஃபல், டீசால், செல்டா போன்ற மொழிக் கற்பித்தல் சான்றிதழோ அதற்கு ஈடாகும். டெஃபல் என்றால் 120 மணி நேரப் பயிற்சியைத்தான் பொதுவாகக் கேட்கிறார்கள். உண்மையான மாணவர்கள் முன் நின்று பாடம் எடுக்கவைக்கும் பயிற்சியாகத் தேர்ந்தெடுங்கள். வகுப்பறைக்குள் நுழைந்ததும் உதவப்போவது அதுதான்.

பட்டத்தையும் காவல்துறை நற்சான்றையும் சட்டப்படி உறுதிசெய்ய வேண்டும். ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஒரே முத்திரையோடு ஏற்கும் சர்வதேச ஏற்பாடுதான் அப்போஸ்டில், 2023 நவம்பர் 7 முதல் சீனா அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதனால் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா ஆவணங்களுக்கு அந்தந்த நாட்டு அப்போஸ்டில் முத்திரை போதும். ஒப்பந்தம் பொருந்தாத நாட்டு ஆவணங்களுக்குப் பழையபடி தூதரகம் வரை போகும் அட்டஸ்டேஷன்தான். போலீஸ் சான்றுக்கு ஆயுள் குறைவு, ஆறு மாதத்துக்குள் வாங்கியதாகக் கேட்பார்கள். அதனால் அதைக் கடைசியில் எடுங்கள்.

தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது பெயர். பட்டச் சான்றிதழில் 'எஸ். குமார்' என்றும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்தும் எழுதியிருப்பது நம்மிடம் சகஜம். சீன அலுவலகம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கான கடிதத்தைப் பல்கலைக்கழகத்திடமோ நோட்டரியிடமோ இப்போதே வாங்கிவிடுங்கள்.

படி 3: வேலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு டியூஷன் சென்டர்களைத் தேடிப் போகாதீர்கள். 2021 ஜூலையில் வந்த கட்டுப்பாடு அந்தத் துறையையே புரட்டிப்போட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வார இறுதியிலும் விடுமுறையிலும் பாடப் பயிற்சி நடத்தக்கூடாது, ஆங்கிலமும் அதில் அடக்கம். ஏராளமான மையங்கள் மூடப்பட்டன. மிச்சம் இருப்பவற்றில் 'கலைப் பயிற்சி', 'விளையாட்டு முகாம்' என்ற பெயரில் ஆங்கிலம் நடத்தும் இடங்களில் மாட்டிக்கொண்டால் ஆபத்து உங்களுக்கும் உண்டு.

சான்யாவில் உயர்கல்வி நிறுவனங்களைப் பாருங்கள். ஹைனான் வெப்பமண்டலக் கடல்சார் பல்கலைக்கழகம், சான்யா பல்கலைக்கழகம், விமானப் போக்குவரத்துக்கும் சுற்றுலாவுக்குமான தொழிற்கல்லூரி மூன்றும் இங்கே இருக்கின்றன. பக்கத்து லிங்ஷுய் மாவட்டத்தில் லியான் என்ற இடத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் கல்வி வளாகம் வளர்ந்துகொண்டிருக்கிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் பங்கேற்கும் கல்லூரி அங்கேதான். ஆனால் அங்கே முதுகலையும் அனுபவமும் எதிர்பார்ப்பார்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் தேர்வு தொழிற்கல்லூரிதான். சம்பளம் சர்வதேசப் பள்ளியைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் வகுப்பு நேரம் குறைவு, வளாகத்திலேயே தங்குமிடம் தரும் வாய்ப்பு அதிகம். படிக்கும் பிள்ளைகள் நாளை ஹைதாங் விரிகுடாவின் விடுதி வரவேற்பறையில் நிற்கப்போகிறவர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் உண்மையிலேயே தேவை.

விடுதிகளும் தங்கள் ஊழியர்களுக்குப் பயிற்சியாளர் தேடுவதுண்டு. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: வேலை அனுமதி ஒரே ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டது. கல்லூரியில் வேலை செய்துகொண்டு மாலையில் விடுதிக்குப் போய்ப் பாடம் எடுத்துக் காசு வாங்கினால் அது சட்டவிரோத வேலை.

படி 4: எப்போது தேடுவது

கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. மார்ச் முதல் ஜூன் வரை தேடினால் தாள்வேலைக்கு நேரம் கிடைக்கும். வசந்தவிழா எனப்படும் சீனப் புத்தாண்டு முடிந்து தொடங்கும் இரண்டாம் பருவத்துக்கு முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே ஆரம்பியுங்கள். கல்லூரியின் இணையதளத்தில் வெளிநாட்டு உறவுப் பிரிவைக் கண்டுபிடித்து நேரடியாக மின்னஞ்சல் அனுப்பலாம். பதில் வந்ததும் பேச்சு வீசாட் என்ற சீனச் செய்திச் செயலிக்கு மாறிவிடும், அதை முன்பே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

படி 5: மாதிரி வகுப்பு

பத்துப் பதினைந்து நிமிடம் பாடம் எடுத்துக்காட்டச் சொல்வார்கள். சுயபுராணம் வேண்டாம், ஒரே ஒரு சின்ன விஷயத்தை முழுதாகக் கற்றுக்கொடுங்கள். உதாரணமாக, விடுதிக்கு வரும் விருந்தினரை வரவேற்று அறை கொடுக்கும் உரையாடல். முதலில் நீங்கள் பேசிக்காட்டுங்கள், அப்புறம் எல்லோரும் சேர்ந்து, அப்புறம் இருவர் இருவராக. கடைசியில் ஒரு புதிய சிக்கல் கொடுங்கள்: விருந்தினரின் பதிவு கணினியில் இல்லை, இப்போது என்ன சொல்வீர்கள்?

சீன மாணவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று தெரிந்திருந்தால் உங்கள் மதிப்பு உயரும். சீன மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. அதனால் இறந்தகாலத்தை விட்டுவிடுவார்கள். அவன், அவள் இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றே என்பதால் பேச்சில் 'ஹி', 'ஷி' மாறும்.

படி 6: நிறுவனத்தைச் சோதியுங்கள், ஒப்பந்தத்தைப் படியுங்கள்

ஒவ்வொரு சீன நிறுவனத்துக்கும் எண்ணும் எழுத்துமாக 18 இடம் கொண்ட பதிவுக் குறியீடு ('சோஷியல் கிரெடிட் கோட்') உண்டு. அதைக் கேட்டு வாங்கி, அரசின் நிறுவனத் தகவல் தளத்தில் தேடிப் பாருங்கள். பெயரும் முகவரியும் ஒத்துப்போக வேண்டும். வெளிநாட்டவரை வேலைக்கு எடுத்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். இப்போது அங்கே வேலை பார்க்கும் ஒரு வெளிநாட்டு ஆசிரியரிடம் பேசவைக்கச் சொல்லுங்கள். தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தின் சீனப் பிரதிதான் பொதுவாகச் செல்லும். அதை வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ, ஆனால் மூன்று வருடத்துக்குக் குறைந்த ஒப்பந்தத்தில் தகுதிகாண் காலம் இரண்டு மாதத்தைத் தாண்டக்கூடாது. வாரத்துக்கு எத்தனை வகுப்பு, கோடை விடுமுறையில் சம்பளம் உண்டா, தங்குமிடம் யார் பொறுப்பு, இவை எழுத்தில் இருக்கட்டும். குளிர்காலத்தில் வடசீன முதியவர்கள் கூட்டம்கூட்டமாகச் சான்யாவுக்கு வந்துவிடுவார்கள், வீட்டு வாடகை ஏறிவிடும். எனவே பணமாகத் தரும் வாடகைப்படியைவிடக் கல்லூரியே தரும் அறை நல்லது.

படி 7: விசா, வந்து இறங்கிய பின்

வேலை அனுமதி அறிவிப்புக் கடிதத்தை நிறுவனம் எடுத்து அனுப்பும். அதை வைத்து உங்கள் நாட்டில் இசட் விசா, அதாவது வேலைக்கான விசா, வாங்குகிறீர்கள். வேறு எந்த விசாவும் இதற்கு மாற்று அல்ல. ஹைனானுக்கு 59 நாட்டவர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரலாம் என்ற சலுகை இருக்கிறது, ஆனால் அதில் வேலை செய்ய முடியாது. "முதலில் சுற்றுலாவாக வாருங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்பவர் உங்களைப் பணயம் வைக்கிறார். பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். குற்றம் பெரிது என்றால் 5 முதல் 15 நாள் காவலும் சேரும்.

வந்து இறங்கியதும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தங்குமிடத்தைப் பதிய வேண்டும். விடுதியில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். மருத்துவப் பரிசோதனை, வேலை அனுமதி எல்லாம் முடித்து 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் முதல் மாதத்தில் வெளியூர்ப் பயணம் வைக்காதீர்கள்.

பின்னால் வேலை மாறுவதாக இருந்தால், பழைய இடத்தில் பணிவிலகல் சான்றும் வேலை அனுமதி ரத்துச் சான்றும் வாங்க வேண்டும். இவை இல்லாமல் அடுத்த நிறுவனம் புதிய அனுமதி எடுக்க முடியாது. இந்த இரண்டையும் எத்தனை நாளுக்குள் தருவார்கள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.