வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண் பிள்ளை பெற நினைத்தால்

நாள் தள்ளிப்போய், சோதனை அட்டையில் இரண்டு கோடு பார்த்த பிறகு நரம்பு டாக்டரைத் தேடினால் பாதி வேலை கைநழுவியிருக்கும். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. அநேகம் பெண்களுக்கு அப்போதுதான் சந்தேகமே வரும். ஆகவே வேலை தொடங்க வேண்டியது கருத்தரிக்க ஆறு மாதம் முன்பு. வலிப்பு உள்ள பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குறையில்லாத பிள்ளைதான் பிறக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பயத்தில் மாத்திரையை விட்டுவிடுவதால் வரும் கெடுதல்தான் நாம் தடுக்கக்கூடியது.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

அட்டையில் கம்பெனி வைத்த பெயர் எதுவாகவும் இருக்கலாம்; மருந்தின் பெயரைப் படியுங்கள். சோடியம் வால்ப்ரோயேட், வால்ப்ரோயிக் ஆசிட், டைவால்ப்ரோயெக்ஸ் மூன்றும் ஒரே குடும்பம். வால்பாரின், என்கோரேட் என்று கடையில் வாங்குவதும் இதுதான். ஒற்றைத் தலைவலிக்கும் மனநலச் சிக்கலுக்கும்கூட இதை எழுதுவதுண்டு. கருவுக்கு மிகவும் ஆகாத வலிப்பு மருந்து இது. கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்ட தாய்மார்களின் 100 பிள்ளைகளில் சுமார் 10 பேருக்கு முதுகுத்தண்டு, இதயம், உதடு, அண்ணம் போன்றவற்றில் பெரிய பிறவிக் குறை வருகிறது. பொதுவாக இது 2, 3 பேருக்குத்தான். இன்னொன்று ஸ்கேனில் தெரியாது: 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, நடை, படிப்பு இவற்றில் ஏதாவதொன்றில் பின்னடைவு. டோஸ் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

லாமோட்ரிஜின், லெவிடிராசிட்டம் இரண்டும் இப்போதைக்குப் பிள்ளைக்குப் பாதுகாப்பானவை. இவற்றில் பிறவிக் குறை பொது அளவை ஒட்டியே இருக்கிறது. கார்பமாசெபின் நடுத்தரம். பெனிட்டாயின் (எப்டாயின்), பெனோபார்பிட்டோன் (கார்டினால்) அதைவிடச் சற்று மோசம். டோபிராமேட்டில் உதட்டுப் பிளவும் எடை குறைந்த பிள்ளையும் வரலாம். எதுவானாலும் இரண்டு மூன்று மருந்தைக் கலந்து சாப்பிடுவதைவிட ஒரே மருந்து, வலிப்பைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவில் நல்லது.

மாற்றுவது டாக்டர் வேலை. ஒரு வாரத்தில் முடியாது. லாமோட்ரிஜினை வேகமாக ஏற்றினால் உடம்பெல்லாம் தடித்து, சில சமயம் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரும். வால்ப்ரோயேட் கூடவே இருந்தால் லாமோட்ரிஜின் ரத்தத்தில் இரண்டு மடங்காகத் தேங்கும் என்பதால் இன்னும் மெதுவாக ஏற்ற வேண்டும். பழையதை இறக்கி, புதியதை ஏற்றி, வலிப்பு நிற்கிறதா என்று பார்க்கவே மாதங்கள் ஆகும். ஆறு மாதம் என்று சொன்னது இதற்காகத்தான். வால்ப்ரோயேட்டுக்கு மட்டுமே கட்டுப்படும் வலிப்பும் உண்டு. அவர்களுக்குக் குறைந்த டோஸை நாளுக்குப் பலமுறையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்த முடிவைக் கணவனும் மனைவியும் டாக்டர் எதிரில் உட்கார்ந்து எடுக்க வேண்டும்.

இதோடு ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம், தினம் ஒன்று, கருத்தரிக்க மூன்று மாதம் முன்பிருந்தே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் ஆசிட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 500 மைக்ரோகிராம். பத்தில் ஒரு பங்கு. அதையும் சாப்பிடுங்கள், ஆனால் இதற்குப் பதிலாக அல்ல. பெனிட்டாயின் சாப்பிடுகிறவர் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். ஃபோலிக் ஆசிட் அந்த மருந்தின் அளவை இறக்கும்.

ஒளித்துச் சாப்பிடும் மாத்திரை

பெண்ணுக்கு வலிப்பு என்பதைச் சொல்லாமல் கட்டிக்கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. செட்டிநாட்டுப் பக்கத்துப் புகுந்த வீட்டில் முகப்பிலிருந்து மூன்றாம் கட்டு வரை ஆள் நடமாட்டம். காலை மாத்திரையை யார் கண்ணிலும் படாமல் விழுங்க வழியில்லாமல் அந்த வேளை தவறும், அப்புறம் அந்த நாளே தவறும், பிறகு வலிப்பு வரும். கணவர் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருந்தால் உதவிக்கும் ஆளில்லை. நிச்சயத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடமும் அவர் ஆத்தா, அப்பச்சியிடமும் (அம்மா, அப்பாவிடமும்) சொல்லிவிடுவதுதான் சரி. மருந்து மாற்றும் பேச்சையும் அப்போதே நரம்பு டாக்டரிடம் தொடங்கிவிடலாம். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாகச் சொன்ன வரி 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. ‘வலிப்பு இருந்தால் கல்யாணம் செல்லாது’ என்று யாராவது மிரட்டினால் அது பழைய கதை.

நாள் தள்ளிய பிறகு

வால்ப்ரோயேட்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சட்டென்று நிறுத்தாதீர்கள். அந்த வாரமே நரம்பு டாக்டரைப் பாருங்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரும்; தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து அதில்தான்.

கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கும்போதே, வலிப்பு, மருந்தின் பெயர், டோஸ், கடைசியாக வலிப்பு வந்த தேதி நான்கையும் தாய் சேய் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன், தேவைப்பட்டால் 20 முதல் 24 வாரத்தில் குழந்தையின் இதய எக்கோ. பெரிய கருவிகளும் நரம்பு டாக்டரும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் செட்டிநாட்டுப் பக்கத்தவருக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மதுரை ராஜாஜி மருத்துவமனை.

மசக்கையில் மாத்திரை வெளியே வருவது பெரிய தொல்லை. விழுங்கி அரை மணிக்குள் வாந்தியானாலோ, வாந்தியில் மாத்திரை கண்ணில் பட்டாலோ இன்னொன்று போடலாமா என்று முதல் வருகையிலேயே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்க ஆள் கிடைக்காது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் பெனிட்டாயினும் சேர்த்து விழுங்கினால் பெனிட்டாயின் சரியாக உடம்பில் சேராது. இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மாதம் ஏற ஏற லாமோட்ரிஜினை உடம்பு வேகமாக வெளியேற்றும். சிலருக்கு ரத்தத்தில் அளவு பாதிக்கும் கீழே போகும். லெவிடிராசிட்டமும் இறங்கும். கர்ப்பத்துக்கு முன் ஒரு முறை ரத்த அளவு பார்த்து வைத்திருந்தால் டாக்டருக்கு ஒப்பிட ஓர் எண் கிடைக்கும். டோஸைக் கூட்டச் சொன்னால் பயப்பட வேண்டாம், பழைய அளவுக்குத் திரும்பக் கொண்டுவருகிறார், அவ்வளவுதான்.

பிள்ளையார் நோன்பு, பழனி நடைப்பயணம் இரண்டும் இந்த வருஷம் வேண்டாம். பட்டினியும் தூக்கம் கெடுவதும் வலிப்பைக் கூப்பிட்டு அழைக்கும். மாத்திரை விரதத்தில் சேர்த்தியில்லை. ஊருணியிலும் கிணற்றடியிலும் தனியாகக் குளிக்காதீர்கள். குளியலறையில் முக்காலியில் உட்கார்ந்து, தாழ்ப்பாள் போடாமல் குளியுங்கள். சீடை, தேன்குழல் சுடும் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் வேறு யாராவது நிற்கட்டும்.

ஏழாம் மாதம் தாய்வீட்டுக்குப் போகும்போது தவறுவது ஒன்று உண்டு: ஃபைல் புகுந்த வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும். சீட்டு, ஸ்கேன் நகல், இரண்டு மாத மாத்திரை மூன்றும் கூடவே போக வேண்டும். மருந்து தீர்ந்தால் அதே கம்பெனி மாத்திரையையே கேட்டு வாங்குங்கள்.

வலிப்பு வந்துவிட்டால்

கையில் சாவிக்கொத்து கொடுக்காதீர்கள். செட்டிநாட்டுக் கதவுச் சாவியின் கனத்துக்கு அது பல்லை உடைக்குமே தவிர வலிப்பை நிறுத்தாது. இடதுபுறம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதுவும் போடாமல், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, 108. விட்டுப்போன பிறகும் வயிற்று வலி, ரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைவு ஏதாவது தெரிந்தாலோ, வயிறு அடிபட விழுந்திருந்தாலோ ஆஸ்பத்திரிதான்.

20 வாரத்துக்குப் பிறகு வரும் வலிப்பைப் பழைய வலிப்பு என்று விட்டுவிடாதீர்கள். ரத்த அழுத்தம் ஏறி வரும் கர்ப்பகால வலிப்பாகவும் இருக்கலாம். அதற்கு மக்னீசியம் சல்பேட் ஊசி வேண்டும். தாமதித்தால் தாயை இழக்க நேரும்.

பிரசவமும் அதன் பிறகும்

வலிப்பு இருப்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. வலி தொடங்கிய களேபரத்தில் மாத்திரை வேளை தவறுவதுதான் ஆபத்து. கைப்பையிலேயே மாத்திரை இருக்கட்டும். வலி குறைக்க பெத்திடின், டிரமடால் வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். எபிடூரல் ஊசி (முதுகில் போடும் மரத்துப்போகும் ஊசி) போட்டுக்கொள்ளலாம். பிறந்ததும் குழந்தைக்கு வைட்டமின் கே 1 மில்லிகிராம் ஊசி போட்டார்களா என்று கேளுங்கள்.

கர்ப்பத்தில் கூட்டிய லாமோட்ரிஜினை முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் இறக்க வேண்டும். தலைசுற்றல், பொருள் இரண்டாகத் தெரிதல், நடையில் தள்ளாட்டம் வந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். ‘பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று ஒதுக்காதீர்கள்.

தாய்ப்பால் கொடுக்கலாம். பெனோபார்பிட்டோன் சாப்பிடும் தாயின் குழந்தை அதிகம் தூங்கி, பால் சப்பாமல் இருந்தால் மட்டும் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். இரவில் ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்து வேறொருவர் ஊட்டினால் தாய்க்குத் தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் தூங்கக் கிடைக்கும். பத்தியச் சாப்பாட்டைவிட இது முக்கியம். துணி மாற்றுவது தரையில் பாய் விரித்து. காலில் போட்டுக் குளிப்பாட்டும் வேலை அப்பத்தாவுக்கோ ஆயாவுக்கோ.

அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட காப்பர் டி எந்த மருந்தோடும் மோதாது. கார்பமாசெபின், பெனிட்டாயின், பெனோபார்பிட்டோன் சாப்பிடுகிறவர்களுக்குக் கருத்தடை மாத்திரையும் கைத்தோலுக்கு அடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியும் பலிக்காமல் போகலாம்; அவசர மாத்திரையின் பலமும் குறையும். லாமோட்ரிஜின் சாப்பிடுகிறவருக்குச் சிக்கல் எதிர்த்திசையில்: ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினைப் பாதியாகக் குறைத்து வலிப்பை வரவழைக்கும்.