பழைய பைத்தான் பதிப்புக்கு விடை கொடுப்பது எப்படி? திறமூலத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

பைத்தான் நிரல்மொழியின் 3.9 பதிப்புக்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. இனி பாதுகாப்புத் திருத்தம்கூட வராது. சனிக்கிழமைகளில் சிங்கப்பூர் தேசிய நூலகத்தில் எங்களோடு உட்கார்ந்து நிரல் எழுதும் பலதுறைத் தொழிற்கல்லூரித் தம்பி ஒருவர் இதைக் கேட்டதும், "அண்ணா, நம்ம பைத்தான் லைப்ரரியில 3.9 சப்போர்ட்டத் தூக்கிட்டா, ஆபீஸ் சர்வர்ல அதையே வெச்சிருக்கிறவங்க மாட்டிக்குவாங்களே?" என்றார்.

நியாயமான கேள்வி. சர்வர் இயங்குதளமான ரெட் ஹேட் லினக்ஸ் 9இல் இயல்பாக வருவதே பைத்தான் 3.9தான். ஷென்டன் வே அலுவலக வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்களிடம் கேட்டால், சர்வரில் இருப்பதை மாற்றும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்பார்கள். ஆனால் முறையாகச் செய்தால் இவர்கள் யாரும் மாட்ட மாட்டார்கள். அவர்களுக்கு ஒத்துவரும் பழைய வெளியீட்டையே பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் எடுத்துக் கொடுத்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு, தமிழ் எழுத்துகளை எண்ணும் ஒரு சிறு லைப்ரரியை (மற்ற நிரல்களில் சேர்த்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) வைத்துக்கொள்வோம். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால், புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணி 5 என்று சொல்லும். நமக்கோ மூன்றே எழுத்து. கட்டளைகளைத் தமிழெழுத்தில் எழுதுகிறேன், தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

படி 1: எதை விடுவது?

ஒவ்வொரு ஆண்டும் அக்டோபரில் ஒரு புதிய பைத்தான் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு. அதனால் கணக்கு எளிது: 2020 அக்டோபரில் வந்த 3.9 முடிந்தது, 3.10க்கு 2026 அக்டோபர் வரை நேரம் இருக்கிறது. பைத்தான் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியம் பைபிஐ. அதன் பதிவிறக்கப் புள்ளிவிவரத்தையும் பைபிஐ ஸ்டாட்ஸ் தளத்தில் ஒருமுறை பாருங்கள். ஆனால் ரொம்ப நம்ப வேண்டாம். தானியங்கிச் சோதனைகள் நாள் முழுக்க இறக்குவதும் அதில்தான் சேரும்.

படி 2: கடைசி வெளியீடு

3.9க்கு வேலை செய்யும் கடைசி வெளியீட்டை முதலில் நல்ல நிலையில் விடுங்கள். திருத்தி வைத்தும் வெளியிடாமல் கிடக்கும் பிழைகள் இருந்தால் அவற்றைச் சேர்த்து 1.4.2 என்று வெளியிடுங்கள். 3.9காரர்கள் இனி நெடுநாள் குடியிருக்கப்போவது அதில்தான்.

படி 3: அந்த ஒரு வரி

லைப்ரரியின் அமைப்புகள் இருக்கும் பைபுராஜெக்ட் டாமெல் கோப்பைத் திறந்து, புராஜெக்ட் பகுதியில் இதை மாற்றுங்கள்:

ரிக்வயர்ஸ்-பைத்தான் = ">=3.10"

மொத்த வேலையின் உயிர் இந்த வரிதான். 2016இல் வந்த பிப் 9 தொடங்கி, நிறுவுமுன் பிப் இதைப் பார்க்கிறது. பயனரின் பைத்தானுக்குப் பொருந்தாத வெளியீடுகளை ஒதுக்கிவிட்டு, பொருந்துவதில் புதியதை எடுக்கிறது. அருகிலேயே கிளாசிஃபயர்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதிலிருந்தும் 3.9ஐ எடுத்துவிடுங்கள், ஆனால் அது பைபிஐ பக்கத்தில் காட்டுவதற்கு மட்டுமே. பிப் அதைக் கண்டுகொள்ளாது. புதியவர்கள் பலர் அதை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பார்கள்.

"<3.14" என்று மேல்வரம்பு வைக்கும் ஆசை வரும். வேண்டாம். நாளை புதிய பைத்தான் வைத்திருப்பவருக்கு, வரம்பே இல்லாத உங்கள் பழைய வெளியீடு ஒன்றைப் பிப் தோண்டி எடுத்துக் கொடுக்கும்.

படி 4: சோதனைப் பட்டியல்

சோதனைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் கோப்பில் பைத்தான் பதிப்புகள் வரிசையாக இருக்கும். 3.9ஐ நீக்குங்கள். இப்போது 3.10 முதலாவதாக நிற்கும், அதை மேற்கோள் குறிக்குள் "3.10" என்று எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். குறி இல்லாவிட்டால் யாமெல் (அந்தக் கோப்பு எழுதப்படும் வடிவம்) அதைத் தசம எண்ணாக எடுத்து 3.1 ஆக்கிவிடும். அப்புறம் 3.1 என்ற பைத்தானைத் தேடி, கிடைக்கவில்லை என்று சோதனை சிவப்பாகும். பல பைத்தான் பதிப்புகளில் சோதனை ஓட்டும் டாக்ஸ் கருவியைப் பயன்படுத்தினால் அதன் பட்டியலிலும் 3.9ஐ எடுத்துவிடுங்கள்.

படி 5: நிரலைச் சுத்தம் செய்தல்

இதுதான் சுவையான பகுதி. எழுத்து எண்ணும்போது அடுத்தடுத்த இரண்டு குறிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்: மெய்யெழுத்துக்குப் பின் புள்ளியா, உயிர்க்குறியா என்று. இதற்குப் பைத்தானோடு வரும் இட்டர்டூல்ஸ் தொகுதியில் 'பேர்வைஸ்' 3.10இல்தான் வந்தது; 3.9க்காக நாமே எழுதிய அந்தச் சிறு ஃபங்ஷனை இப்போது அழித்துவிட்டு நேராக இறக்குமதி செய்யலாம். 'ஆப்ஷனல்' என்று சுற்றி எழுதிய வகைக் குறிப்புகளை 'எஸ்டிஆர் | நன்' என்று சுருக்கலாம் (ஆப்ஷனல், நன் இரண்டுக்கும் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்து). கையால் தேட வேண்டியதில்லை. பைஅப்கிரேடு கருவியை 'பை310-பிளஸ்' தெரிவோடு ஓட்டினால் பெரும்பாலானவற்றை அதுவே மாற்றும். மாற்றியதைக் கண்ணால் படித்துப் பார்த்த பிறகே கமிட் செய்யுங்கள்.

படி 3ஐ மறந்து இதை வெளியிட்டால் என்ன ஆகும்? 3.9காரருக்கும் புதிய வெளியீடே போகும், 'பேர்வைஸ்' கிடைக்கவில்லை என்று இறக்குமதியிலேயே விழும். பைபிஐயில் ஏற்றிய கோப்பைத் திருத்தவும் முடியாது. அந்த வெளியீட்டை 'யாங்க்' செய்துவிட்டு (அதாவது, திரும்பப் பெற்றதாகக் குறித்துவிட்டு), வரியைச் சேர்த்துப் புதிய எண்ணில் வெளியிட வேண்டும். யாங்க் செய்ததை, அதே எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால் தவிர பிப் எடுக்காது.

படி 6: தோற்க வேண்டிய ஒரு சோதனை

வீல் கோப்பை (நிறுவத் தயாரான தொகுப்பை) உருவாக்கி, உங்கள் கணினியில் 3.9 சூழல் ஒன்றைத் திறந்து அதை நிறுவிப் பாருங்கள். வேறு பைத்தான் தேவை என்று பிப் மறுக்க வேண்டும். மறுக்காமல் நிறுவினால் படி 3க்குத் திரும்புங்கள். இரண்டு நிமிட வேலை, சோம்பல் வேண்டாம்.

படி 7: எண்ணும் அறிவிப்பும்

1.4.3 என்று வெளியிடாதீர்கள். பிழைத்திருத்தம் என்று நினைத்துவிடுவார்கள். 1.5.0 சரி. 2.0தான் முறை என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பயனரின் நிரலில் எதுவும் உடையாதபோது அது தேவையில்லை என்பது என் கருத்து. மாற்றக் குறிப்பில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் மின்தூக்கிப் பராமரிப்புக்கு ஒட்டும் அறிவிப்பைப் போல எது நிற்கிறது, பதிலுக்கு எது என்று மட்டும் எழுதினால் போதும்: "பைத்தான் 3.9 ஆதரவு நீக்கப்பட்டது. 3.9இல் இயங்கும் கடைசி வெளியீடு 1.4.2."

அப்படியும் யாராவது வந்து, 1.5.0ஐக் கேட்டால் பொருந்தும் வெளியீடு இல்லை என்று பிப் சொல்கிறது என்பார்கள். மரியாதையாக இரண்டு வரி போதும்: எண்ணைக் குறிப்பிடாமல் நிறுவினால் 1.4.2 கிடைக்கும், ரெட் ஹேட் 9 என்றால் அதிலேயே பைத்தான் 3.11ஐயும் 3.12ஐயும் தனித் தொகுப்பாகச் சேர்க்கலாம், கணினியின் 3.9ஐத் தொட வேண்டியதில்லை. 1.4 கிளைக்குத் தொடர்ந்து திருத்தம் தருவதாக மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.