அறிவியல் கண்காட்சிக்கு ஒரு திபெத்துப் பனிப்பாறை

கண்காட்சி என்றாலே எங்கள் கோத்தகிரிப் பிள்ளைகள் களிமண்ணில் எரிமலை செய்து, சோடா உப்பையும் வினிகரையும் பொங்கவிடுவார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன டீச்சர் நான். இந்த முறை பனிப்பாறை செய்யச் சொல்லுங்கள்.

மாதிரிக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது தாசுவோபு. திபெத்தில் சுமார் 7,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பனிப்பாறை ஆய்வாளர் லானி தாம்சன் குழுவினர் 1997இல் அதைத் துளைத்து நீள நீளமான ஐஸ் உருளைகளை எடுத்தார்கள். வருடா வருடம் பனி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதால் கீழே போகப் போகப் பழைய காலம். பருவமழை பொய்த்த ஆண்டுகளின் ஐஸில் புழுதியும் குளோரைடு என்ற உப்புக்கூறும் கூடுதல். 1790 முதல் 1796 வரை அப்படி ஒரு காலம். இன்னொன்று 1876–77, நம்மவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோரைக் கொன்ற அந்த வறட்சி, இமயமலை ஐஸில் புழுதியாகப் பதிந்து கிடக்கிறது. பிள்ளைகள் வாயைப் பிளப்பது இந்த இடத்தில்தான்.

சரி, வேலைக்கு வருவோம். பிளாஸ்டிக் பாட்டில் நம் மாவட்டத்தில் தடை. அதனால் பிளம்பரிடம் ஒரு முழ நீள பிவிசி குழாய்த் துண்டு கேளுங்கள். நீளவாக்கில் இரண்டாக அறுத்து, திரும்பச் சேர்த்து டேப்பை இறுக்கிச் சுற்றி, அடியில் மூடி போடுங்கள். இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் நிறுத்துங்கள். அது கல்லாக உறைந்த பிறகுதான் அடுத்த அடுக்கு. அதற்கும் ஃப்ரிட்ஜில் குளிர்ந்த தண்ணீர்தான். வெதுவெதுப்பாக ஊற்றினால் கீழடுக்கு கரைந்து கோடு கலங்கிவிடும். அவசரக்காரப் பிள்ளைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள்.

1790களின் அடுக்கில் ஒரு சிட்டிகை செம்மண், 1876இல் அதைவிடக் குறைவு. இரண்டுக்கும் நடுவே 1815: இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்த ஆண்டு. அதன் கந்தக அமிலம் கிரீன்லாந்து, அண்டார்டிகா ஐஸில் படிந்திருக்கிறது. அதற்கு எலுமிச்சைச் சாற்றை வடிகட்டிக் கொஞ்சம் விடுங்கள், கண்ணுக்குத் தெரியாது. இருபதாம் நூற்றாண்டு அடுக்குகள் எல்லாவற்றிலும் லேசாக மண் கலக்க வேண்டும். இந்தியாவிலும் நேபாளத்திலும் மனித நடமாட்டம் பெருகியதால் தாசுவோபுவில் குளோரைடு இரட்டிப்பானது, புழுதி நான்கு மடங்கானது.

கண்காட்சி அன்று டேப்பைப் பிரித்தால் உருளை வெளியே வரும். ஒட்டிக்கொண்டால் குழாய்மேல் வெந்நீர் ஊற்றுங்கள். அடுக்குக்கு ஒரு துண்டாக உடைத்துத் தனித்தனிக் கிண்ணத்தில் உருக்கி, செம்பருத்திப் பூவை ஊறவைத்த சாற்றில் சில சொட்டு விடச் சொல்லுங்கள். எலுமிச்சையின் அமிலம் பட்டு எந்தக் கிண்ணம் பளீர்ச் சிவப்பாகிறதோ அதுதான் 1815. நான் ஆண்டைச் சொல்வதில்லை, அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

நடுவர் கட்டாயம் கேட்பார்: "நீலகிரியில் பனிப்பாறை ஏதும்மா?" நமக்குச் சதுப்பு இருக்கிறது என்று பதில் சொல்லப் பழக்குங்கள். ஊட்டிப் பக்கத்துச் சதுப்புகளின் கரி மண்ணில் உள்ள கார்பன் ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் கார்பன் வகைகளை) ஆராய்ந்து, சூழலியல் அறிஞர் ரா. சுகுமார் குழுவினர் 1993இல் கட்டுரை வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், இங்கே மழை குறைந்து வறட்சி தாங்கும் புல் பரவியிருந்தது அதில் தெரிந்தது. ஆர்வக்கோளாறில் சதுப்பைத் தோண்டி மண் கொண்டுவர மட்டும் யாரையும் அனுப்பாதீர்கள். படம் போதும்.